பொடி வியாபாரம் தொடங்கப் போறியா? முதல்ல இதைப் படி

சாம்பார் பொடி, பருப்புப் பொடி, எலுமிச்சை ஊறுகாய் என்று உன் கைப்பக்குவத்தைச் சாப்பிட்டவர்கள் எல்லாரும் "இதை விற்கலாமே" என்று சொல்லியிருப்பார்கள். தாராளமாக விற்கலாம். வீட்டிலிருந்தே நடத்தும் தொழிலில் காசோடு வேறு சிலவும் கிடைக்கும். உன் பெயரில் ஒரு கணக்கு இருக்கும், அதிலிருந்து எடுக்க யாரிடமும் காரணம் சொல்ல வேண்டாம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் லீவு கேட்டுக் கைகட்டி நிற்க வேண்டாம். தொழில் கொஞ்சம் வளர்ந்தால் பக்கத்துத் தெருப் பெண்கள் ரெண்டு பேருக்கு வேலை கொடுக்கலாம். இதெல்லாம் சின்ன விஷயம் இல்லை.

ஆனால் ஒன்றாம் தேதி சம்பளம் என்று எதுவும் வராது. மிளகாய் விலை ஏறினால் அந்த அடி உனக்குத்தான். பாராட்டியவர்களில் பாதிப் பேர் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள். இதைத் தெரிந்துகொண்டு இறங்கு. உனக்கு நேரம் இல்லை என்று எனக்குத் தெரியும், அதனால் முக்கியமானதை முதலில் சொல்கிறேன்.

1. உன் கூலியைக் கணக்கில் எழுது

வீட்டுத் தொழிலில் நஷ்டம் ஒரே நாளில் வருவதில்லை. எழுதாமல் விட்ட செலவு வழியாகத்தான் கசியும். அதில் பெரியது உன் உழைப்பு. "நான்தானே செய்கிறேன், அதற்கென்ன கூலி" என்று சொல்லாதே.

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம், உன் ஊர் விலையை நீ மாற்றிப் போட்டுக்கொள். 5 கிலோ சாம்பார் பொடிக்குச் சாமான் 1,300 ரூபாய். அரவைக் கூலி 150, மில்லுக்குப் போய்வர ஆட்டோ 100, கேஸும் கரண்டும் 60. வறுத்ததிலும் அரைத்ததிலும் எடை குறைந்து கையில் நிற்பது 4¾ கிலோ, அதாவது 250 கிராம் பாக்கெட் 19. கவரும் லேபிளும் பாக்கெட்டுக்கு 6 ரூபாய் என்றால் 114. மொத்தம் 1,724 ரூபாய். பாக்கெட்டுக்குச் சுமார் 91 ரூபாய் அடக்கம்.

110 ரூபாய்க்கு விற்றால் 19 ரூபாய் லாபம் என்றுதானே நினைக்கிறாய்? பொறு. சுத்தம் செய்ய, காயவைக்க, வறுக்க, பாக்கெட் போட 8 மணி நேரம் ஆகியிருக்கும். மணிக்கு 60 ரூபாய் என்று வைத்தாலே 480. இப்போது அடக்கம் 116. நீ ஒவ்வொரு பாக்கெட்டிலும் 6 ரூபாய் கைக்காசு போட்டு விற்கிறாய். அதே பாக்கெட்டைக் கடையில் வைத்து, கடைக்காரர் 20 சதவீதம் கமிஷன் எடுத்தால் உனக்கு வருவது 88 ரூபாய். கூலி சேர்க்காத அந்த 91 ரூபாய் அடக்கமே திரும்பவில்லை!

அதனால் விலையைப் பக்கத்து பிராண்டைப் பார்த்து வைக்காதே. அடக்கம், உன் கூலி, கடைக் கமிஷன், அதற்கு மேல் லாபம் என்ற வரிசையில் வை. அந்த விலைக்கு விற்காது என்று தோன்றினால் பொருளை மாற்று. கூலியை வெட்டாதே.

லிஜ்ஜத் அப்பளம் தெரியுமல்லவா? 1959-இல் மும்பை கிர்காவில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி ஆரம்பித்தது. அங்கே அப்பளம் உருட்டும் பெண்கள்தான் உடைமைக்காரர்கள். ஆனாலும் உருட்டியதற்கு எடை போட்டுக் கூலி வாங்குகிறார்கள், லாபத்தில் பங்கு தனி. முதலாளியே கூலி வாங்குகிறாள் என்றால் நீ மட்டும் ஏன் சும்மா உழைக்க வேண்டும்?

2. ஒரே பொருளில் ஆரம்பி

பன்னிரண்டு வகைப் பொடி போட்டு லிஸ்ட் அடிக்காதே. வகைக்கு ரெண்டு கிலோ சாமான் வாங்கினாலே உன் முதல் முடங்கிவிடும், பாதி வண்டு பிடிக்கும். ஒன்று அல்லது ரெண்டு போதும். முதல் மாதம் எத்தனை பேர் வாங்கினார்கள் என்று பார்க்காதே. ரெண்டாவது முறை யார் கேட்டு வந்தார்கள் என்று பார். அவர்கள்தான் உன் வியாபாரம். சொந்தக்காரர்களை அந்தக் கணக்கில் சேர்க்காதே, உன் முகத்துக்காக வாங்கியிருப்பார்கள்.

3. ஈரம்தான் பொடிக்கு எமன்

- மில்லில் இருந்து சூடாக வந்ததை அப்படியே கவரில் கட்டாதே. பெரிய தட்டில் பரப்பி நன்றாக ஆறவிடு. இல்லையென்றால் கவருக்குள் வியர்த்து, கட்டி பிடித்து, பூஞ்சை வரும்.
- மில்லில் உனக்கு முன்னால் என்ன அரைத்தார்கள் என்று கேள். முதலில் விழும் ஒரு கைப்பிடியைத் தனியாக எடுத்து ஒதுக்கிவிடு, விற்காதே.
- ஒவ்வொரு ஈடுக்கும் ஒரு நம்பர் கொடு. அதிலிருந்து ஒரு பாக்கெட்டை விற்காமல் அலமாரியில் வை. "பொடி கசக்குது" என்று போன் வந்தால் எடுத்துப் பார்க்க உனக்கு அது வேண்டும்.

4. பேப்பர் வேலையைத் தள்ளிப்போடாதே

"நாலு பாக்கெட்டுக்கு எதுக்கு லைசென்ஸ்" என்று கேட்பவர்கள் நிறைய. ஒரு புகார் வந்தால் பதில் சொல்லப்போவது அவர்கள் இல்லை, நீ.

- உணவுப் பாதுகாப்புப் பதிவு: எஃப்எஸ்எஸ்ஏஐ தளத்தில் சிறு தயாரிப்பாளர்களுக்கு அடிப்படைப் பதிவு உண்டு. 14 இலக்க எண் வரும், அதை லேபிளில் போட வேண்டும்.
- உத்யம் பதிவு: 2020 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆதார் எண்ணை வைத்து அரசு தளத்தில் நீயே செய்யலாம், இலவசம். இதற்குக் காசு கேட்கும் தளத்தை உடனே மூடு. அரசு முத்திரை மாதிரியே படம் போட்டு ஏமாற்றுகிறார்கள்.
- லேபிள்: பொருளின் பெயர், சேர்மானங்கள், நிகர எடை, தயாரித்த நாள், எதுவரை பயன்படுத்தலாம், எம்ஆர்பி, உன் பெயர், முகவரி, புகாருக்குத் தொடர்பு எண், பச்சைப் புள்ளி. ஒன்றுகூட விடாதே. பதிவு வாங்கிய பிறகு லேபிள் அச்சடி. முதலிலேயே ஆயிரக்கணக்கில் அடித்துவிட்டு ஒவ்வொன்றிலும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருக்காதே.
- ஜிஎஸ்டி: தமிழ்நாட்டுக்குள் சரக்கு மட்டும் விற்றால், வருட விற்பனை 40 லட்சம் தாண்டும் வரை பொதுவாகப் பதிவு வேண்டாம். ஆனால் பெங்களூரில் இருப்பவருக்குக் கூரியரில் அனுப்பி விற்றால் அது வெளிமாநில விற்பனை, அந்த வரம்பு உன்னைக் காப்பாற்றாது. அதற்கு முன் ஓர் ஆடிட்டரைப் பார்.
- கேஸ்: வீட்டுக்குக் கொடுத்த 14.2 கிலோ சிலிண்டரைத் தொழிலுக்கு எரிக்காதே. தொழிலுக்கு 19 கிலோ சிலிண்டர். பெரிய கிரைண்டர் வாங்கும் முன் மின்வாரிய அலுவலகத்தில் எந்த இணைப்பு வேண்டும் என்று கேட்டுவிடு.

5. கடனுக்குச் சரக்கு கொடுக்காதே

"அடுத்த வாரம் தரேன்மா" என்பார்கள். நீ சங்கோஜப்படுவாய், அதுதான் அவர்களுக்குத் தெரிந்த வழி. முதல் பில் பணம் வராமல் ரெண்டாவது சரக்கு இறக்காதே. இந்த ஒரு விதி போதும்.

பெரிய கடைகளுக்குக் கொடுத்தால் சட்டம் உன் பக்கம் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாமதித்தால் வட்டி உண்டு. ஆனால் சரக்குக் கொடுக்கும் முன்பே உன்னிடம் உத்யம் பதிவு இருக்க வேண்டும். பில்லில் அந்த எண்ணைப் போடு.

தெரிந்தவர்களுக்கு "டேஸ்ட் பாரு" என்று 250 கிராம் தூக்கிக் கொடுக்காதே. 50 கிராம் கொடு, அதையும் செலவு என்று எழுது.

6. நீ வாங்கும் கடன்

தாலியையும் வீட்டுப் பத்திரத்தையும் தொடாதே. முதல் சுற்றுக்கு, போனால் அழுதுவிட்டு மறுநாள் எழுந்து நிற்கக்கூடிய தொகையை மட்டும் போடு. அரவை மெஷின், பேக்கிங் மெஷின், விசிட்டிங் கார்டு எல்லாம் பிறகு. ஊர் மில்லில் கூலிக்கு அரைத்தே முதல் வருடத்தை ஓட்டிவிடலாம்.

சரக்கு தொடர்ந்து போகிறது, கை போதவில்லை என்ற நிலை வந்தால் கடன் வாங்கு. மகளிர் குழுவில் இருந்தால் உள்கடன்தான் முதல் வழி. அடுத்தது வங்கியில் முத்ரா கடன். சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை அடமானம் இல்லாமல் தருகிறார்கள். மானியத்தோடு பெரிய கடன் வேண்டுமென்றால் மாவட்டத் தொழில் மையத்துக்கு நேரில் போ, நடுவில் புரோக்கர் வேண்டாம். தினவட்டி, வார வட்டிக்காரர்கள் வாசலுக்கே வந்து கொடுப்பார்கள். பொடியில் வரும் லாபம் அந்த வட்டிக்கு ஈடாகாது.

வேலைக்குப் போகிறாய் என்றால் ராஜினாமாவுக்கு அவசரப்படாதே. தொழில் உன் கூலியைத் தொடர்ந்து ஆறு மாதம் கொடுக்கட்டும், பிறகு பேசலாம்.

7. கல்லாவும் மளிகை டப்பாவும் வேறு வேறு

தனி வங்கிக் கணக்கு, தனி ஜிபே எண், தனி நோட்டு. வீட்டுக்குப் பொடி எடுத்தால்கூட நோட்டில் எழுது. ஸ்கூல் பீஸ் கட்ட அவசரம் என்று கல்லாவில் கை வைத்தால், அடுத்த மல்லி மூட்டைக்குக் காசு இருக்காது. மாதம் ஒரு நாள் உன் கூலியை அந்தக் கணக்கிலிருந்து உன் கணக்குக்கு மாற்று. அதற்குப் பிறகு அது உன் காசு, நகை வாங்கு, பீஸ் கட்டு, உன் இஷ்டம்.

வீட்டில் இருப்பவர்களிடமும் முதலிலேயே பேசு. தீபாவளிக்கு முந்தின பத்து நாள் யார் சமைப்பது, யார் பிள்ளையைப் பார்ப்பது என்று அப்போது சண்டை போடாதே. நீ படுத்துவிட்டால் ஆர்டரை யார் பார்ப்பது என்றும் கேட்டுவை.

8. நிறுத்தும் கோட்டை இப்போதே போடு

எவ்வளவு போனால் நிறுத்துவேன், எந்தத் தேதியில் கணக்குப் பார்ப்பேன் என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, கணவரிடமோ அம்மாவிடமோ காட்டிவிடு. பணம் போய்க்கொண்டிருக்கும்போது அந்தக் கோட்டைப் போட யாருக்கும் மனசு வராது. அந்தத் தேதியில் கூலி வரவில்லையென்றால் விலையை மாற்று, பொருளை மாற்று, இல்லை இடத்தை மாற்று. அதற்கும் ஒரு தவணை கொடுத்துப் பார். அதன் பிறகும் வரவில்லையென்றால், மீதிச் சாமானை அடக்க விலைக்குத் தள்ளிவிட்டு, கடைகளில் நிற்கும் பாக்கியை வசூல் பண்ணி, வாங்கிய கடனை அடைத்து, கணக்கை மூடு.