தெரியாது என்று சொன்னவன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

செரில் பிறந்தநாள் புதிருக்கு ஆகஸ்ட் 17 என்று போட்டேன், விடைக்குறிப்பில் ஜூலை 16 என்றிருக்கிறதே, அச்சுப்பிழையா என்று கேட்டிருந்தாய். பிழை இல்லை. 2015 ஏப்ரலில் சிங்கப்பூர்த் தொலைக்காட்சித் தொகுப்பாளர் கென்னத் கோங் அதை முகநூலில் போட்டு ஊரெல்லாம் பரவியபோது, நானும் ஆகஸ்ட் 17 என்றுதான் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். உன் வயதுப் பிள்ளைகளுக்கான கணித ஒலிம்பியாட் கேள்வி அது. எனக்கு அப்போதே தலை நரைத்துவிட்டது.

ஒரு தாளில் செரிலின் பிறந்தநாளாக இருக்கக்கூடிய பத்துத் தேதிகளையும் எழுது. மே 15, 16, 19. ஜூன் 17, 18. ஜூலை 14, 16. ஆகஸ்ட் 14, 15, 17. நண்பன் ஆல்பர்ட்டிடம் செரில் மாதத்தை மட்டும் சொல்லியிருக்கிறாள். இன்னொரு நண்பன் பெர்னார்டிடம் தேதி எண்ணை மட்டும்.

ஆல்பர்ட் முதலில் பேசுகிறான்: எனக்குத் தெரியாது, பெர்னார்டுக்கும் தெரியாது என்பது மட்டும் தெரியும். நாம் சறுக்கியது இங்கேதான். 18, 19 இரண்டும் ஒரே ஒரு தடவைதான் வருகின்றன, அவற்றை அடித்தால் போதும் என்று மேலே போய்விட்டோம். பெர்னார்டு இன்னும் வாயே திறக்கவில்லையே! அவனுக்குத் தெரியாது என்று ஆல்பர்ட்டுக்கு யார் சொன்னது? கையிலிருக்கும் மாதம்தான் சொல்லியிருக்க வேண்டும். அது மே என்றால், 19-ஆக இருந்து பெர்னார்டுக்குத் தெரிந்துவிட்டால் என்ன செய்வது என்ற சந்தேகம் அவனுக்கு வரும். ஜூன் என்றால் 18 உறுத்தும். இவ்வளவு அடித்துப் பேசுகிறான் என்றால் மே, ஜூன் இரண்டையும் முழுசாக அடி.

அதைக் கேட்டதும் பெர்னார்டு, முதலில் தெரியவில்லை, இப்போது தெரிகிறது என்கிறான். 14 என்றால் ஜூலையா ஆகஸ்டா என்று முழித்திருப்பான், அதுவும் போச்சு. அப்படியென்றால் எனக்கும் தெரியும் என்கிறான் ஆல்பர்ட். ஆகஸ்டில் இன்னும் இரண்டு நிற்கின்றன, ஜூலையில் ஒன்றே ஒன்று.

இனி இந்த மாதிரிப் புதிர் போடும்போது, பத்துத் தேதியையும் பார்க்கிற உன் நாற்காலியிலிருந்து கொஞ்சம் எழுந்து போ. பேசுகிறவன் கையில் என்ன இருக்கிறது, அதற்குமுன் அவன் காதில் என்ன விழுந்தது என்று ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் பென்சிலால் குறித்துக்கொள்.

உன் விடையைத் தூக்கிப் போட்டுவிடாதே. அது வேறொரு கேள்விக்குச் சரியான விடை. அந்தக் கேள்வியில் பெர்னார்டு முந்திக்கொண்டு எனக்குத் தெரியாது என்கிறான். எனக்கும் இன்னும் தெரியவில்லை என்கிறான் ஆல்பர்ட். இப்போது தெரிந்துவிட்டது என்கிறான் பெர்னார்டு. போட்டுப் பார், ஆகஸ்ட் 17 வரும். ஜூன் எங்கே விழுகிறது என்று எனக்கு எழுது.

உன் மாமா