வாதமும் ஆப்தரும்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில், எங்கள் ஆசிரமத்திற்கு நெடுங்காலமாக வந்துகொண்டிருக்கும் அன்பர் ஒருவர் கைத்தடியை ஊன்றியபடி வந்தார். வலது காலில் பெருவிரல் இல்லை. அறுவை நடந்து ஆறு வாரம் ஆகியிருந்தது.

அவர் ஓய்வு பெற்ற பொறியாளர். நம் நூல்களை ஊன்றிப் படிப்பவர். இரவு உணவுக்குப் பின் கைபேசியை எடுத்துக்கொண்டு முகமறியாத பலருடன் வாதம் புரிவது அவருக்கு வழக்கமாகியிருந்தது. பரிணாமம் உண்மையா, மறுபிறவிக்குச் சான்று உண்டா, மந்திரத்தால் நோய் தீருமா என்று நள்ளிரவு வரை நீளும். மறுநாள் மாலை ஆரதிக்கு வரும்போது, "சுவாமிஜி, நேற்று ஒரு நாத்திகரை வாயடைக்க வைத்தேன்" என்பார். நானும் சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறேன். சில சமயம் அவருக்கு உதவக்கூடிய மேற்கோள்களை எடுத்துக் கொடுத்ததும் உண்டு. அதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

வாதம் நடக்கும் அதே இடத்தில்தான் அறிவுரைப் பரிமாற்றமும் நடக்கிறது. முழங்கால் வலிக்கு என்ன தைலம், தண்ணீர்த் தொட்டியில் பாசி படியாமலிருக்க என்ன செய்வது, வீட்டுக் கடனை முன்னதாக அடைக்கலாமா என்றெல்லாம் ஒருவரையொருவர் பார்த்திராதவர்கள் கேட்கிறார்கள், சொல்கிறார்கள். பெரும்பாலும் நல்லெண்ணத்துடன்தான். எதை எழுதினாலும் இறைவன் திருநாமத்துடன் தொடங்கும் ஒருவர், சர்க்கரை நோய்க்கு மாத்திரையை நிறுத்திவிட்டு ஓர் இலைக் கஷாயத்தை அருந்தச் சொன்னார். அன்பர் அப்படியே செய்தார். இரண்டு ஆண்டுகளாக அவருடன் மல்லுக்கு நின்ற நாத்திகர் இதை அறிந்ததும், வாதத்தை நிறுத்திவிட்டு, "மாத்திரையை நிறுத்தாதீர்கள், முதலில் ரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள்" என்று எழுதினார். அன்பர் அதையும் எதிரியின் தாக்குதல்களில் ஒன்றாகவே எடுத்துக்கொண்டார். நான்கு மாதம் சென்றது. செருப்பு உராய்ந்த சிறு புண், வலி தெரியவில்லை, தெரிந்தபோது விரலைக் காப்பாற்ற முடியவில்லை.

"சுவாமிஜி, நான் தோற்றது வாதத்திலா, நம்பிக்கையிலா?" என்று கேட்டார். அன்று அவருக்குச் சொன்னதையும், பிறகு நூல்களைப் புரட்டியபோது தோன்றியதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

விவாதத்தைப் பற்றி நம் முன்னோர் போகிற போக்கில் சிந்திக்கவில்லை. கௌதமரின் நியாய சூத்திரம் அறியவேண்டிய 16 பதார்த்தங்களை எண்ணும்போது வாதம், ஜல்பம், விதண்டை என்று விவாதத்தையே மூன்றாகப் பிரித்து வைக்கிறது. இருவரும் பிரமாணத்தையும் தர்க்கத்தையும் மட்டுமே துணையாகக் கொண்டு உண்மை எது என்று தேடினால் அது வாதம். வெற்றியே குறியாகி, சொற்புரட்டும் போலி மறுப்பும் கலந்தால் அது ஜல்பம். தனக்கென எந்தக் கொள்கையையும் நிலைநாட்டாமல், பிறர் சொன்னதை உடைப்பது ஒன்றையே தொழிலாகக் கொண்டால் அது விதண்டை. தமிழில் 'விதண்டாவாதம்' என்ற சொல் வீட்டுக்கு வீடு வழங்குகிறது; ஜல்பம் என்ற சொல்லோ ஏடுகளோடு நின்றுவிட்டது. நாம் அதிகம் செய்வது அதைத்தான் என்பதால் இது வேடிக்கையாக இருக்கிறது.

சொற்புரட்டுக்குச் சலம் என்று பெயர். இதற்கு வாத்ஸ்யாயனர் தரும் எடுத்துக்காட்டு சுவையானது. ஒரு சிறுவனிடம் 'நவ கம்பளம்' இருக்கிறது என்கிறார் ஒருவர். புதிய கம்பளம் என்பது பொருள். 'நவ' என்றால் ஒன்பது என்றும் பொருள் உண்டல்லவா? மற்றவர் உடனே, இவனிடம் ஒன்றுதானே இருக்கிறது, ஒன்பது எங்கே என்று மடக்குகிறார். அறிவியலும் சமயமும் பற்றிய இன்றைய சர்ச்சைகளில் இந்தக் கம்பளம் நாள்தோறும் விரிக்கப்படுகிறது. அறிவியலார் 'கொள்கை' என்ற சொல்லால் குறிப்பது, பல சோதனைகளைத் தாங்கி நிற்கும் விளக்கத்தை. அதை நாம் 'வெறும் ஊகம்' என்று பொருள்கொண்டு, பரிணாமம் ஒரு கொள்கைதானே என்று தள்ளிவிடுகிறோம். எதிர்த்தரப்பினர் நம் 'மாயை' என்ற சொல்லை 'உலகமே இல்லை' என்று பொருள்கொண்டு, அப்படியானால் சுவரில் முட்டிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். இரண்டும் ஒரே கம்பளம்தான்.

ஜல்பமும் விதண்டையும் அடியோடு விலக்கத்தக்கவை என்று கௌதமர் கூறவில்லை. முளைவிடும் பயிரைக் காக்க முட்கிளைகளால் வேலி கட்டுவதைப் போல, கண்டறிந்த உண்மையைக் காக்க அவை பயன்படலாம் என்கிறார். ஆனால் பயிர் இருந்தால்தானே வேலி? நம் அன்பர் இரண்டு ஆண்டுகள் வேலியே கட்டிக்கொண்டிருந்தார். கீதையின் பத்தாம் அத்தியாயத்தில், விவாதிப்போரிடையே தாம் வாதமாக இருப்பதாகப் பகவான் கூறுவதும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. அங்கே அவர் வெற்றியைக் குறிப்பிடவில்லை.

மருத்துவ நூலான சரக சம்ஹிதையும் இதைப் பேசுகிறது. அதன் விமான ஸ்தானம் எட்டாம் அத்தியாயத்தில், மருத்துவர்கள் தங்களுக்குள் உரையாடுவது இருவகை: நட்புடன் கூடிப் பேசுவது ஒன்று, பகைமையுடன் மோதிப் பேசுவது மற்றொன்று. நட்பு முறையில் பேசும்போது தோல்விக்கு அஞ்சக்கூடாது. மற்றவர் தோற்றால் அதைக் கொண்டாடவும் கூடாது. மருத்துவ நூலுக்கு ஏன் இந்தக் கவலை என்று எண்ணிப் பார்த்தேன். மருத்துவர்கள் வெற்றிக்காக வாதிட்டால் விலை கொடுப்பவன் நோயாளி என்பதாலேயே இருக்க வேண்டும்.

இந்த இலக்கணத்திற்கு உயிருள்ள எடுத்துக்காட்டு வேண்டுமானால் 1885-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்துக் கல்கத்தாவுக்குச் செல்ல வேண்டும். ஸ்ரீராமகிருஷ்ணர் தொண்டை நோயுடன் சியாம்புகூர் வீட்டில் தங்கியிருக்கிறார். சிகிச்சைக்கு வருபவர் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார். 1863-இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் எம்.டி. பட்டம் பெற்றவர். 1876-இல் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தை நிறுவியவர். பிற்காலத்தில் சர் சி. வி. ராமன் அரசுப் பணிக்கு முன்னும் பின்னும் ஆராய்ச்சி செய்ததும், 1928-இல் தமது பெயரால் வழங்கும் விளைவைக் கண்டறிந்ததும் அந்தக் கழகத்தில்தான்.

டாக்டர் சர்க்காரிடம் ஓர் அரிய குணம் இருந்தது. 1863-இல் ஹோமியோபதியைக் கடுமையாகச் சாடிப் பேசியவர் அவர். பிறகு அதைப் பற்றிய நூல் ஒன்றுக்கு மதிப்புரை எழுத நேர்ந்தபோது, நேரில் பாராமல் எழுதுவது முறையன்று என்று, அம்முறையில் சிகிச்சை பெற்ற நோயாளிகளைக் கவனித்தார். தம் கருத்து மாறியதை 1867-இல் மருத்துவர்கள் சபையிலேயே அறிவித்தார். சபையினர் அவரை ஒதுக்கினர், தொழிலும் சரிந்தது. ஹோமியோபதியைப் பற்றி இன்றைய அறிவியல் உலகின் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர் முடிவை அல்ல, தாம் கண்டதாக நம்பியதற்காக இழப்பை ஏற்ற நேர்மையையே இங்கே குறிப்பிடுகிறேன்.

அத்தகையவர் நோயாளியின் அறைக்குள் நுழைகிறார். அங்கே கூடியிருப்பவர்கள் நோயாளியை அவதாரம் என்கிறார்கள். ஈசுவரனின் ஒளி மனிதனிடம் பிரதிபலிக்கிறது என்றால் ஏற்கிறேன், மனிதனையே ஈசுவரன் என்று வணங்குவதை ஏற்க முடியாது என்பது டாக்டரின் நிலை. பாதத்தைத் தொட்டு வணங்குவதையும் அவர் எதிர்த்தார். ஒரு நல்ல மனிதரை நீங்கள் கெடுக்கிறீர்கள் என்று கடிந்தார். கிரீஷ் சந்திர கோஷ் விடவில்லை, நரேந்திரரும் விடவில்லை. வாதம் மணிக்கணக்கில் நடந்தது. டாக்டரின் மற்ற நோயாளிகள் காத்துக்கிடந்தார்கள். ஒரு நாள் கிரீஷின் வாதத்திற்குத் தாம் தோற்றதாக டாக்டரே வாய்விட்டுச் சொல்லி, அவருடைய பாததூளியைக் கேட்டு வணங்கினார். எந்த வழக்கத்தை எதிர்த்தாரோ அதையே செய்தார். ஆனால் அவதாரக் கொள்கையை ஏற்றுவிட்டதாக அவர் அறிவிக்கவுமில்லை.

அவ்வாண்டு துர்கா பூஜையின்போது ஸ்ரீராமகிருஷ்ணர் சமாதியில் ஆழ்ந்தார். டாக்டர் சர்க்கார் இதயத்துடிப்பைக் கருவி வைத்துச் சோதித்தார். உடனிருந்த மருத்துவ நண்பர் விழியையே விரலால் தொட்டுப் பார்த்தார். அதை அவமதிப்பு என்று அங்கிருந்த எவரும் தடுத்ததாகப் படித்ததில்லை. சோதித்தவர்களும் தங்கள் அறிவியலால் இதை விளக்க இயலவில்லை என்பதை ஒப்புக்கொண்டார்கள். சோதனைக்கு இடம் கொடுத்த பக்தியும், தெரியாததைத் தெரியாது என்ற அறிவியலும் ஒரே அறையில் இருந்தன.

நான் மிகவும் விரும்பிப் படிக்கும் நிகழ்ச்சி வேறொன்று. கக்குவான் இருமலால் துன்புற்ற ஏழு மாதக் குழந்தைக்குத் தாம் சிகிச்சை செய்ததை டாக்டர் ஒருநாள் விவரித்தார். காரணம் புலப்படவே இல்லையாம். கடைசியில், குழந்தை அருந்திய பாலைக் கொடுத்த கழுதை மழையில் நனைந்திருந்தது தெரிய வந்ததாம். ஸ்ரீராமகிருஷ்ணர் இதைக் கேட்டு, புளியமரத்தடியில் தம் வண்டி போனதால் தமக்குப் புளித்த ஏப்பம் வந்தது என்று ஒருவர் சொன்னதைப் போலிருக்கிறதே என்றார். அறை முழுவதும் சிரித்தது. டாக்டர் கோபிக்கவில்லை. கப்பல் தலைவனுக்குத் தலைவலி வந்ததற்காகக் கப்பலுக்கே மருந்துப் பற்றுப் போட்ட கதை ஒன்றைத் தாமும் எடுத்துவிட்டார்.

காரணகாரியத் தொடர்பை ஐயுற்றவர் இங்கே யார்? பள்ளிக்கல்வி அதிகம் இல்லாத பக்தர். காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை அறிவியலார் சொன்னால் அது அறிவியலாகிவிடாது. அடியார் சொன்னால் அது அருளாகிவிடாது. கஷாயம் குடித்தேன், சர்க்கரை இறங்கியது என்று ஒருவர் சொல்லும்போது, அதே மாதத்தில் அவர் அரிசியைக் குறைத்தாரா, நடக்கத் தொடங்கினாரா, எத்தனை பேர் குடித்துப் பயனில்லாமல் பேசாதிருந்தார்கள் என்று கேட்பது நாத்திகம் ஆகாது. நியாய நூல் வியாப்தி என்று சொல்வது இதைத்தான்: ஒன்று உள்ள இடமெல்லாம் மற்றொன்றும் இருக்கிறதா?

ஸ்ரீராமகிருஷ்ணர் மறுபக்கத்தையும் விட்டுவைக்கவில்லை. வீடு ஒன்று இடிந்து விழுந்ததைக் கண்ணால் பார்த்து வந்து ஒருவன் சொல்கிறான். ஆங்கிலம் படித்த நண்பன் செய்தித்தாளைப் புரட்டி, அதில் இல்லை, ஆகவே நம்பமாட்டேன் என்கிறான். இந்தக் கதையையும் அவர் சொன்னது டாக்டரிடம்தான். அச்சில் வந்தது மட்டுமே உண்மை என்பதும் ஒரு மூடநம்பிக்கை.

அப்படியானால் கண்டவன் சொல்வதை எப்போது ஏற்பது? அன்பரின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. நியாய நூல் சப்தத்தை, அதாவது பிறர் சொல்லை, ஒரு பிரமாணமாக ஏற்கிறது. ஆனால் அது ஆப்தருடைய சொல்லாக இருக்க வேண்டும். ஆப்தர் என்பவர் பொருளை நேரே அறிந்தவர். அறிந்ததை அறிந்தபடியே தெரிவிக்க விரும்பிச் சொல்பவர். வாத்ஸ்யாயனர் இவ்விலக்கணத்தைக் கூறிவிட்டு, இது ரிஷிக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் பொதுவானது என்கிறார். முதன்முறை இதைப் படித்தபோது, நான் ஏட்டை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் இருந்தேன். சாத்திரத்தின் பிரமாண்யத்தைக் காக்க எழுந்த தரிசனம், நம்பத்தக்கவருக்குக் குலத்தையும் சமயத்தையும் அளவுகோலாக்கவில்லை. வாசஸ்பதி மிச்ரர் இன்னும் ஒரு படி செல்கிறார். வழிப்போக்கர்களின் உடைமைகளையெல்லாம் பறித்துக்கொண்ட கொள்ளையர்கூட, பிறகு வழி சொல்லும் விஷயத்தில் ஆப்தர் ஆகலாம். ஏமாற்ற அவர்களுக்கு அப்போது காரணம் இல்லை.

கஷாயம் சொன்னவர் திருநாமம் எழுதினார்; ஆனால் அவர் எத்தனை நோயாளிகளைப் பார்த்திருந்தார்? அன்பர் கேட்கவே இல்லை. நாத்திகர் அன்பரின் கடவுளை மறுத்தார். ஆனால் மாத்திரையை நிறுத்தாதே என்று சொன்னதில் அவருக்கு என்ன லாபம்? உடன் வாதிட்டவன் கால் இழக்கக்கூடாது என்பதைத் தவிர வேறொன்றும் எனக்குத் தோன்றவில்லை. ஆத்ம ஞானத்திற்கு ஆப்தராக இருப்பவர் சர்க்கரை நோய்க்கும் ஆப்தராக இருக்க வேண்டியதில்லை, மறுதலையும் அப்படியே. தொண்டை நோய்க்காக மருந்தைச் சர்க்காரிடமே கேட்டுப் பெற்றார் ஸ்ரீராமகிருஷ்ணர். ஈசுவரனைப் பற்றி அவரிடம் கேட்டறிய வந்தவர் சர்க்கார். 1886 ஆகஸ்டு 16 அன்று, காசிப்பூர்த் தோட்ட வீட்டில் உயிர் பிரிந்துவிட்டதை உறுதிசெய்தவரும் அந்த டாக்டர்தான்; புகைப்படம் எடுத்துவையுங்கள் என்று கூறி அதற்காகப் பத்து ரூபாய் கொடுத்துவிட்டுப் போனார்.

"அப்படியானால் வாதத்தை விட்டுவிடட்டுமா?" என்று கேட்டார் அன்பர். வேண்டாம் என்றேன். நம் ஆசாரியர்கள் தம் கருத்தைச் சொல்வதற்கு முன் பூர்வபக்ஷத்தை, எதிர்த்தரப்பை, அவரே சொல்வதைவிடத் தெளிவாக எடுத்துரைப்பார்கள். சங்கரர் பாஷ்யத்தில் சில இடங்களில் பூர்வபக்ஷம் அவ்வளவு வலுவாக இருக்கும். புதிதாகப் படிப்பவர் அதையே சித்தாந்தம் என்று மயங்குவதுண்டு. ஆகவே, பதில் எழுதுவதற்கு முன் நாத்திகரின் கருத்தை உங்கள் சொற்களில் எழுதி, 'நீங்கள் சொல்வது இதுதானே?' என்று அவரிடமே கேளுங்கள்; அவர் ஆம் என்ற பிறகு மறுக்கத் தொடங்குங்கள் என்றேன்.

தை மாதத்தில் மீண்டும் வந்தார். முதல் இரண்டு முறையும் நாத்திகர், நான் சொன்னது அதுவன்று என்று திருத்தி அனுப்பினாராம். மூன்றாம் முறைதான் ஆம் என்றாராம். அதற்குள் இவருக்கு மறுப்பதற்கு வைத்திருந்ததில் பாதி உதவாமல் போய்விட்டது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு இன்னமும் நடத்திக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அவர் முதலில் கேட்பது காலையில் சர்க்கரை அளவு எவ்வளவு என்பதையாம். அதன் பிறகே மறுபிறவிக்கு வருவாராம்.