ஆண் எது, பெண் எது, அடிதடி எதற்கு?

சிக்லிட் மீன் வளர்க்கத் தொடங்கும் தம்பி தங்கைகளே, தொட்டிக்குள் நடக்கும் சண்டையில் பெரும்பகுதி இடத்துக்காகவும் இணைக்காகவும் நடப்பது. எது ஆண், எது பெண் என்று தெரியாதவரால் அந்தச் சண்டையை அடக்க முடியாது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1. கடையில் ‘ஜோடி’ கேட்காதீர்கள். வண்ணமீன் கடைகள் நிறைந்த கொளத்தூருக்கே போனாலும் இரண்டு அங்குலக் குஞ்சில் ஆண் பெண் பார்ப்பது பெரும்பாலும் ஊகம்தான். ஒரே இனத்தில் ஆறு குஞ்சுகள் வாங்கி ஒன்றாக வளருங்கள். ஏஞ்சல், கான்விக்ட் போன்ற சிக்லிட்கள் தாமாகவே ஜோடி சேரும். சேர்ந்ததும் மற்றவற்றை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள்.

2. பளிச்சென்று இருப்பதெல்லாம் ஆண் அல்ல. கான்விக்டில் வயிற்றோரம் ஆரஞ்சு பூசியிருப்பது பெண். ஆண் உருவில் பெரிது, நெற்றி புடைத்திருக்கும், துடுப்பு நுனி நீண்டிருக்கும். மலாவி ஏரியின் கென்யியில் பெண் நீலம், வளர்ந்த ஆண் மஞ்சள். அதே ஏரியின் ஆராட்டஸில் பெண் மஞ்சள், வளர்ந்த ஆண் கருமை. இந்த இரண்டிலும் குஞ்சுகள் எல்லாமே பெண் நிறத்தில்தான் இருக்கும். அடி வாங்கி ஒடுங்கிய ஆணும் பெண்ணைப் போல வெளிறிக் கிடக்கும். அடக்கி ஆளும் பெரியவனைத் தொட்டியிலிருந்து எடுத்துப் பாருங்கள், ‘பெண்’ என்று நினைத்த ஒன்று நிறம் மாறி நிற்கும்!

3. மலாவி மீன்களின் குதத் துடுப்பில் உள்ள மஞ்சள் புள்ளிகளை முட்டைப் புள்ளிகள் என்பார்கள். ஆணுக்கு அவை பெரிதாக, தெளிவாக இருக்கும். பெண்ணுக்கும் இருப்பதுண்டு என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

4. உறுதியாகத் தெரிய வேண்டுமானால் வளர்ந்த மீனை ஈரக் கையில் திருப்பி அடிவயிற்றைப் பாருங்கள். இரண்டு துளைகள் தெரியும். பின்னால் இருப்பது மலத்துவாரத்தைவிட அகன்று வட்டமாக இருந்தால் பெண். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவென்றால் ஆண். சில நொடிகளில் வேலையை முடித்துத் தண்ணீரில் விட்டுவிடுங்கள். ஆஸ்காரில் வெளித்தோற்றத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது, இந்த வழிதான். ஏஞ்சலில் முட்டையிடும் நேரத்தில் வெளியே நீளும் குழலைக் கவனியுங்கள்: பெண்ணுக்குத் தடித்து மழுங்கியது, ஆணுக்கு மெலிந்து கூரானது. இரண்டு பெண் ஏஞ்சல்கள் ஜோடி சேர்ந்து முட்டையிடுவதும் உண்டு. ஒவ்வொரு முறையும் முட்டை முழுவதும் வெளுத்துப் போனால் இதையும் சந்தேகியுங்கள்.

5. மலாவி மீன்களுக்கு நான்கடித் தொட்டிக்குக் குறையாமல் வையுங்கள். ஓர் ஆணுக்கு மூன்று, நான்கு பெண்கள் வேண்டும். கொஞ்சம் நெருக்கமாகவே விடுங்கள், அடி ஒருவர் மேலேயே விழாமல் பலருக்கும் பிரிந்துபோகும். ஆனால் நெருக்கத்துக்கு வலுவான ஃபில்டரும் வாரந்தோறும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றமும் கட்டாயம். சோம்பேறிகளுக்கு இந்த முறை ஆகாது. ஒரே நிறமும் கோடும் உள்ள இரண்டு இனங்களையும் சேர்த்து விடாதீர்கள்.

6. பாறைகளை முதலில் தொட்டியின் அடித்தளத்தில் நிறுத்தி, பிறகு மணல் போடுங்கள். மணல்மேல் அடுக்கினால் மீன் தோண்டித் தோண்டிச் சரித்துவிடும். புது மீன் விடும் நாளில் கற்களை இடம் மாற்றி, தீனி போட்டு, விளக்கை அணையுங்கள். பழைய எல்லைகள் கலைந்து எல்லோரும் புதுக் குடித்தனக்காரர்கள் ஆகிவிடுவார்கள்.

7. கான்விக்ட் பெண் முட்டைக்குத் தயாராகாத நேரத்தில் ஆண் அதைத் துரத்தியே கொன்றுவிடுவதுண்டு. பெண் மட்டும் நுழையக்கூடிய வாயுள்ள சிறு மண்சட்டியை உள்ளே போட்டு வையுங்கள்.

8. ஃப்ளவர்ஹார்னைத் தனியாக வையுங்கள். வாஸ்துக்கு வாங்கினாலும் தனியாகத்தான்.

9. மேல்மூலையில் ஒதுங்கி, துடுப்பு கிழிந்து நிற்கும் மீனை அப்போதே எடுத்துவிடுங்கள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் காலையில் பிணத்தைத்தான் எடுப்பீர்கள். அடிபட்டது தேறும்வரை வேறு தொட்டியில் இருக்கட்டும். அடித்தவனையும் சில நாள் வெளியே வையுங்கள். திரும்பி வரும்போது அவன்தான் புதியவன், பழைய மிடுக்கு குறைந்திருக்கும்.

10. மிஞ்சிய ஆண்களைக் கடையில் திருப்பிக் கொடுங்கள், அல்லது தனித் தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுங்கள். ஏரியிலோ கிணற்றிலோ மட்டும் விடாதீர்கள். நம் குளங்களை நிரப்பிக் கிடக்கும் ஜிலேபிக் கெண்டையும் 1952இல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட ஓர் ஆப்பிரிக்க சிக்லிட்தான்.