சைக்கிள் காரில் இடித்தால் காசு யார் கொடுப்பது?

– மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை



தேனியிலிருந்து வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வழியாகக் குமுளி மலையேறும் சாலை நமக்குப் புதிதல்ல. பஸ், ஏலத்தோட்ட ஜீப், காய்கறி லாரி என்று எப்போதும் நெரிசல்தான். கார்த்திகை, மார்கழி வந்துவிட்டால் சபரிமலை வண்டிகளும் சேர்ந்துகொள்ளும். அந்த நெரிசலுக்குள்தான் நம்மில் பலர் சைக்கிள் மிதிக்கிறோம். ஹேண்டில்பார் லேசாகப் பட்டு ஒரு காரின் கண்ணாடி உடைகிறது என்று வைத்துக்கொள்வோம். கார்க்காரர் இறங்கி வந்து, "தம்பி, எட்டாயிரம் எடு, இல்லேன்னா ஸ்டேஷனுக்கு வா" என்கிறார். அப்பாவின் பல நாள் கூலி அது. அந்த இடத்தில் நாம் என்ன சொல்வது? சட்டமும் இன்சூரன்ஸும் என்ன சொல்கின்றன? பார்ப்போம்.

சைக்கிளுக்கு இன்சூரன்ஸ் கட்டாயமா?

இல்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், இயந்திர விசையால் ஓடும் வண்டியைத்தான் மோட்டார் வாகனம் என்கிறது. மிதித்து ஓட்டும் சைக்கிள் அதில் வராது. ஆகவே 146ஆம் பிரிவு கட்டாயமாக்கும் மூன்றாம் நபர் காப்பீடு நமக்குப் பொருந்தாது. முன்பு நகராட்சிகள் சைக்கிளுக்கு வரி வாங்கித் தகட்டு வில்லை கொடுத்ததைப் பெரியவர்கள் சொல்வார்கள். அது வரி வில்லைதானே தவிர இன்சூரன்ஸ் அல்ல.

பேட்டரி சைக்கிள் வைத்திருப்பவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும். மோட்டாரின் திறன் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவாக இருந்தால்தான் விதிப்படி அதற்கு விலக்கு உண்டு. பட்டறையில் பெரிய மோட்டாராக மாற்றி மாட்டிவிட்டால் அது மோட்டார் வாகனம். பதிவு, லைசென்ஸ், இன்சூரன்ஸ் மூன்றும் வேண்டும்.

இன்சூரன்ஸ் இல்லையென்றால் பொறுப்பும் இல்லையா?

அப்படி நினைத்துவிடக் கூடாது. கவனக்குறைவால் பிறர் பொருளுக்குச் சேதம் செய்தவர் ஈடுகட்ட வேண்டும் என்பது தீங்கியல் சட்டத்தின் அடிப்படை. சைக்கிள்காரருக்கும் இது பொருந்தும். ஆனால் தவறு நம்முடையது என்று நிரூபிக்க வேண்டியவர் கார்க்காரர். "கார் என்னுது, உடைஞ்சு போச்சு" என்று சொன்னால் மட்டும் போதாது. பிரேக் கட்டை தேய்ந்த சைக்கிளில் வந்தோம், தவறான பக்கம் வந்தோம் என்று ஏதாவது காட்ட வேண்டும்.

கார்க்காரர் பின்னால் பார்க்காமல் கதவைத் திறந்திருந்தாலோ, சிக்னல் போடாமல் திருப்பியிருந்தாலோ தவறு அவர் பக்கமும் உண்டு. இதைப் பங்குக் கவனக்குறைவு என்பார்கள். மும்பையில் மாநகராட்சி பஸ் மோதி சைக்கிளில் சென்ற 18 வயது இளைஞர் இறந்த வழக்கில், 2003இல் உச்சநீதிமன்றம் இதை விரிவாக விளக்கியது. இருபக்கமும் தவறு இருந்தால் நஷ்டத்தையும் பங்கு போட வேண்டும். 4,000 ரூபாய் வேலைக்குப் பாதித் தவறு நம்முடையது என்றால் 2,000 ரூபாய்தான் நம் பொறுப்பு.

வழக்குப் போடுவதென்றால் கார்க்காரர் மூன்று ஆண்டுகளுக்குள் உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம், மோட்டார் வாகனத்தால் விளைந்த சேதத்தை விசாரிக்கும் இடம். கார் மோதி நமக்கு அடிபட்டால் நாம் அங்கே போகலாம்.

போலீஸ் கேஸ் ஆகுமா?

தெரியாமல் இடித்துவிட்டால் அது குற்றமுறு சேதம் ஆகாது. அந்தக் குற்றத்துக்கு வேண்டுமென்ற எண்ணமோ, சேதம் வரும் என்ற அறிவோ இருக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 324ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. ஆனால் 281ஆம் பிரிவு இருக்கிறது. உயிருக்கு ஆபத்து வரும்படி பொதுச் சாலையில் கண்மூடித்தனமாக ஓட்டுவது குற்றம். அது சைக்கிளுக்கும் உண்டு. இறக்கத்தில் இரண்டு கையையும் விட்டு வித்தை காட்டுகிறவர்கள் இதை மறக்க வேண்டாம்.

முதலாண்டு மாணவர்களுக்கு

பத்தாம் வகுப்பு முடித்து வந்த உங்களில் பலருக்கு 18 வயது ஆகவில்லை. அந்த வயதில் எழுதிக் கொடுக்கும் கடன் பத்திரம் செல்லாது. 1903இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்த மோகோரி பீவி வழக்கிலிருந்து இதுதான் சட்டம். 18 ஆனவராக இருந்தாலும் மிரட்டி வாங்கிய கையெழுத்தை ரத்து செய்யக் கேட்கலாம். ஆனால் மைனர் என்பதால் நஷ்டஈட்டுப் பொறுப்பு போய்விடாது. தகப்பனார் என்ற ஒரே காரணத்துக்காக அப்பா கடன்பட்டவர் ஆவதில்லை. அவருடைய கவனக்குறைவும் கலந்திருந்தால் கதை வேறு. மாலையில் கடைக்கு டெலிவரி செய்யும் மாணவர் அந்த வேலையில் இருக்கும்போது இடித்தால் முதலாளிக்கும் பொறுப்பு உண்டு.

கார்க்காரரின் இன்சூரன்ஸ் என்ன ஆகும்?

மூன்றாம் நபர் பாலிசி மட்டும் வைத்திருந்தால் அவருடைய காருக்கு ஒரு பைசா கிடைக்காது. முழுமையான பாலிசி இருந்தால் கிடைக்கும். அப்படியிருந்தும் ஏன் நம்மிடம் கேட்கிறார்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பம்பர் 6,000 ரூபாய், கூலி 2,000 ரூபாய், ஆக மொத்தம் 8,000. பிளாஸ்டிக் பாகத்துக்குத் தேய்மானம் 50 சதவீதம். எனவே பம்பருக்கு 3,000தான். கூலி சேர்த்து 5,000. இதில் 1,500 சி.சி. வரையுள்ள காருக்குக் கட்டாயக் கழிவு 1,000 போக, கையில் வருவது 4,000. அதோடு முடியவில்லை. கிளெய்ம் வாங்காதவருக்கு முதலாண்டில் 20 சதவீதம் தொடங்கி 25, 35, 45, 50 என்று போனஸ் ஏறும். ஒரு கிளெய்ம் வாங்கினால் அது பூஜ்யமாகிவிடும். சொந்தச் சேதப் பிரீமியம் 8,000, போனஸ் 35 சதவீதம் என்றால் 2,800 ரூபாய் போச்சு. மிச்சம் 1,200தான். தேய்மானம் கழிக்காத கூடுதல் பாலிசி எடுத்தவருக்கு நிலைமை கொஞ்சம் தேவலை. அவர் ரோட்டிலேயே பணம் கேட்பதன் காரணம் இப்போது புரிகிறதல்லவா?

ஆனால் ஒரே நஷ்டத்துக்கு இரண்டு இடத்தில் வாங்க அவருக்கு உரிமை கிடையாது. கம்பெனி பணம் கொடுத்துவிட்டால், அந்தத் தொகையை நம்மிடம் கேட்கும் உரிமை கம்பெனிக்கு வந்துவிடும். சரண் ஸ்பின்னிங் மில்ஸ் வழக்கில் 2010இல் உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இந்த உரிமை மாற்றத்தைத் தெளிவாக்கியது. ஆகவே "இன்சூரன்ஸ்ல வாங்கிக்கங்க சார்" என்று சொன்னதோடு நம் கடமை தீர்ந்துவிடாது.

நமக்குப் பாதுகாப்பு உண்டா?

மாணவர்களுக்கு எடுக்கும் விபத்துக் காப்பீடு பொதுவாக நம் உடம்புக்குத்தான். பிறர் காருக்கு அல்ல. பொதுக் காப்பீட்டு நிறுவனங்களின் வீட்டுக் காப்பீட்டில் சைக்கிள், பொறுப்பு ஆகியவற்றுக்குத் தனிப் பிரிவுகள் சேர்க்க முடியும். எவ்வளவு தொகை வரை என்று பாலிசியில் படித்துப் பார்த்தே வாங்க வேண்டும். ஜப்பானில் சைக்கிளில் வந்த 11 வயதுச் சிறுவன் ஒரு பெண்மணி மீது மோதிய வழக்கில், 2013இல் கோபே நீதிமன்றம் அவனுடைய தாயார் சுமார் 9 கோடியே 50 லட்சம் யென் கொடுக்க உத்தரவிட்டது. 2015இல் ஹியோகோ மாகாணம் சைக்கிள் இன்சூரன்ஸைக் கட்டாயமாக்கியது. நம் நாட்டில் அந்த நிலை இல்லாததால் கவனம்தான் நமக்கு முதல் பாலிசி.

இடித்துவிட்டால் செய்ய வேண்டியவை

1. ஓடாதீர்கள். யாருக்காவது அடிபட்டிருந்தால் அதை முதலில் பாருங்கள்.

2. கார் நம்பர், சேதம், இரண்டு வண்டியும் நிற்கும் இடம் எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். பார்த்தவர் இருந்தால் பெயர் வாங்குங்கள்.

3. மரியாதையாகப் பேசுங்கள். "அண்ணே, தெரியாம பட்டுருச்சு, பட்டறையில மதிப்புப் போட்டுச் சொல்லுங்க" என்றால் போதும். தொகையை அங்கேயே ஒப்புக்கொள்ள வேண்டாம்.

4. சைக்கிளையோ செல்போனையோ பிடுங்கி வைக்க அவருக்கு உரிமை இல்லை. வீட்டுக்கும் வார்டனுக்கும் உடனே தகவல் சொல்லுங்கள்.

5. பணம் கொடுத்தால், "இந்த விபத்துக்கான முழு ஈடும் பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு ரசீது வாங்குங்கள்.

6. பேச்சில் தீராவிட்டால் மக்கள் நீதிமன்றம் இருக்கிறது. 15100 என்ற எண்ணில் சட்ட உதவி கேட்கலாம். பெண்கள், 18 வயதுக்கு உட்பட்டோர், தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினர், வருமானம் குறைந்தோர் ஆகியோருக்கு அது இலவசம்.

நண்பர்களே, நம் தவறு என்றால் நியாயமான தொகையைத் தவணையிலாவது கொடுப்போம். தவறு இல்லையென்றால் பயந்து கையெழுத்துப் போட வேண்டாம். இன்று மாலை விடுதிக்குப் போனதும் முதல் வேலையாக உங்கள் சைக்கிளின் இரண்டு பிரேக்கையும் ஒருமுறை பிடித்துப் பாருங்கள்!