வில்வ மரத்திற்கு வரும் விருந்தாளி



தொட்டியில் வளர்க்கும் கறிவேப்பிலைச் செடியிலோ லிமாவ் கஸ்தூரிச் செடியிலோ பறவை எச்சம் போல ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பதை நம்மில் பலர் பார்த்திருப்போம். உற்றுப் பார்த்தால் அது மெல்ல நகரும். உடனே மருந்து அடிக்கத்தான் தோன்றும். சற்றுப் பொறுத்து, அது யாருடைய பிள்ளை என்று இந்த இதழில் தெரிந்துகொள்வோம். பெரும்பாலும் அது ‘எலுமிச்சை அழகி’ என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழுவாக இருக்கும்.

உருவம்

எலுமிச்சை அழகி சிறகை விரித்தால் 8 முதல் 10 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். கறுப்புச் சிறகில் வெளிர்மஞ்சள் திட்டுகள் நிறைந்திருக்கும். பின்சிறகின் உள்முனையில் ஒரு சிவப்புப் புள்ளி உண்டு. இதன் இனத்தவர் பலருக்குச் சிறகில் வால் போன்ற நீட்சி உண்டு, இதற்கு இல்லை. 1758-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் இதற்குப் ‘பாப்பிலியோ டெமோலியஸ்’ என்று அறிவியல் பெயர் சூட்டினார்.

வாழும் இடம்

அரேபியா தொடங்கி இந்தியா, இலங்கை, மலேசியா, ஆஸ்திரேலியா வரை இது வாழ்கிறது. அடர்ந்த காட்டைவிட வெயில் விழும் தோட்டங்களே இதற்குப் பிடிக்கும். 2004-ஆம் ஆண்டில் கடல் கடந்து டொமினிக்கன் குடியரசிலும் காணப்பட்டது.

எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை, வில்வம் ஆகியவை ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆகவே நம் சமையலறைச் செடியையும் சிவபெருமானுக்குரிய மரத்தையும் இது ஒன்றுபோலத் தேடி வருகிறது.

நான்கு பருவங்கள்

1. முட்டை: தாய்ப்பூச்சி முன்கால்களால் இலையைத் தட்டிச் சுவை அறியும். சரியான செடி என்று தெரிந்தால் தளிரில் முட்டையிடும். முட்டை வெளிர்மஞ்சள் நிறத்தில், கடுகைவிடச் சிறிதாக இருக்கும். ஏறக்குறைய 3 நாளில் பொரிக்கும்.

2. புழு: முதல் உணவு தன் முட்டை ஓடே. பிறகு இலையைத் தின்று, நான்கு முறை தோல் உரித்து வளரும். சிறு வயதில் பறவை எச்சம் போல் இருப்பதால் பறவைகள் ஏமாந்துவிடும். கடைசிப் பருவத்தில் இலையோடு இலையாகப் பச்சை நிறம் பெறும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை வடிவில் ஓர் உறுப்பை நீட்டும். கடும் வாடை வீசும். பிள்ளைகள் பயப்பட வேண்டாம். அது கடிக்காது, கொட்டாது. இப்பருவம் சுமார் இரண்டு வாரம்.

3. கூட்டுப்புழு: ஒரு குச்சியில் வால்முனையை ஒட்டி, இடுப்பில் பட்டு நூலால் கட்டிக்கொண்டு அசையாமல் இருக்கும். சுற்றுப்புறத்துக்கேற்பப் பச்சையாகவோ பழுப்பாகவோ தோன்றும். உள்ளே ஒரு வார அளவில் உடலே மாறிவிடுகிறது.

4. வண்ணத்துப்பூச்சி: கூட்டைப் பிளந்து வெளிவந்து, ஈரச் சிறகை உலர்த்திப் பறக்கும். இனி இலை தின்னாது, தேனே உணவு.

நாம் செய்யக்கூடியது

“சாமிக்குரிய வில்வத்தைப் புழு தின்னலாமா?” என்று பிள்ளைகள் கேட்பது நியாயமே. பூசைக்குப் பழுதில்லாத இலைகளைத்தான் பறிக்கிறோம். ஆனால் வளர்ந்த மரத்தில் சில இலைகள் போனால் மரத்துக்குக் கேடில்லை, மீண்டும் துளிர்க்கும். சிறு கன்றின் நிலை வேறு. நாலைந்து புழுக்கள் சேர்ந்தால் அதை மொட்டையாக்கிவிடும். அப்போது புழுவை இலையோடு கிள்ளி எடுத்து, பெரிய எலுமிச்சை மரத்தில் விட்டுவிடலாம். கன்றுக்கு வலை கட்டியும் காக்கலாம்.

பூச்சி மருந்து மட்டும் வேண்டாம். அந்த இலைதான் நம் இறைவன் திருவடிக்கும் நம் ரசத்துக்கும் போகிறது. சிறு குளவிகள், எறும்புகள், பறவைகள் ஆகியவற்றிடம் தப்பிப் பறப்பவை ஏற்கெனவே சிலவே. பூக்களைச் சுற்றும் வண்ணத்துப்பூச்சியைக் கண்டு மகிழும் நாம், அதன் பிள்ளைக்கும் நாலு இலை விட்டு வைப்போமே.

சிந்திக்க

1. எலுமிச்சை அழகியின் புழு பறவைகளிடமிருந்து எவ்வாறு தப்புகிறது?
2. தாய்ப்பூச்சி தனக்கேற்ற செடியை எப்படி அறிகிறது?
3. உங்கள் வீட்டுக் கறிவேப்பிலைச் செடியைத் தினமும் பார்த்து, காண்பதைத் தேதியுடன் எழுதி வாருங்கள். முட்டையிலிருந்து பறக்கும் வரை எத்தனை நாள் ஆயிற்று?