மெய் வழக்குக்குப் பொய்ச்சாட்சி வேண்டாம்



சில வாரங்களுக்கு முன் ஒரு மாலை, செபமாலை முடிந்து அறைவீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, நம் பங்கைச் சேர்ந்த கல்லூரி மாணவி ஒருத்தி தன் தாயாருடன் வந்தாள். கையில் ஒரு கட்டுரை வைத்திருந்தாள். ஆங்கில வகுப்பில் அவர்களுக்கு விவாதக் கட்டுரை எழுதும் பாடம் உண்டு. "மனிதரைக் குளோனிங் செய்வதைத் தடை செய்ய வேண்டுமா?" என்பது பொருள். மாணவர் தாமே ஆராய்ந்து, இரு தரப்பு நியாயங்களையும் எடுத்துச் சொல்லி, பிறகு தம் முடிவை நிலைநாட்ட வேண்டும். இவளுடைய கட்டுரையைப் பேராசிரியர் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒரு வாக்கியத்தின் கீழ்ச் சிவப்பு மையால் கோடு போட்டு, ஓரத்தில் "இதற்கு ஆதாரம் என்ன?" என்று கேட்டிருந்தார்.

அந்த வாக்கியம் இது: "டாலி என்னும் குளோனிங் ஆடு பிறக்கும்போதே கிழடாய்ப் பிறந்து, வெகு சீக்கிரம் மூப்படைந்து செத்தது, சர்வேசுரனுடைய ஒழுங்கை மீறினால் இதுவே கதி."

"இதை எங்கே படித்தாய், அம்மா?" என்று கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தாயார்தான் பதில் சொன்னார்: "சாமி, நீங்க பிரசங்கத்துல சொன்னதுதான்."

உண்மைதான், சொன்னேன். எப்போதோ ஒரு பத்திரிகையில் கண்டதை, சரிதானா என்று விசாரியாமல், கோவிலில் நின்று சொன்னேன். பிள்ளை அதை நம்பி எழுதினாள். தலைகுனிவு அவளுக்கு வந்தது. ஆகையால் சொன்ன இடத்தைச் சேர்ந்தவர்கள் எல்லாரும் படிக்கும் இந்தப் பக்கத்திலேயே அதைத் திருத்திக்கொள்கிறேன். அத்துடன், இப்படிப்பட்ட ஒரு விவாதத்தை ஒரு கத்தோலிக்க மாணவன் எவ்விதம் ஆராய வேண்டும் என்பதையும் ஐந்து பாடங்களாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதற் பாடம்: வார்த்தையைத் தெளிவாக்கிக்கொள்.

குளோனிங் என்றால் என்ன? ஒரு பெண்ணுயிரின் சினைமுட்டையிலிருந்து அதன் உட்கருவை எடுத்துவிடுகிறார்கள். வேறொரு உயிரின் உடலிலிருந்து எடுத்த உயிரணுவின் உட்கருவை அதற்குள் சேர்க்கிறார்கள். ஆணின் வித்து இல்லாமலே அந்த முட்டை கருவாக வளரத் தொடங்குகிறது. உயிரணு கொடுத்தவருடைய பாரம்பரியக் கூறுகளே ஏறக்குறைய முழுவதும் அக்கருவில் அமைகின்றன. இதை நாம் படியாக்கம் என்று சொல்லலாம்.

இந்தக் கருவைக் கொண்டு இரண்டு காரியங்கள் செய்யலாம். கருப்பையில் வைத்துக் குழந்தையாகப் பிறப்பிப்பது ஒன்று. சில நாட்கள் வளர்த்து, அதைச் சிதைத்து, மருத்துவ ஆராய்ச்சிக்கு வேண்டிய மூல உயிரணுக்களை எடுப்பது மற்றொன்று. விவாதத்தின் பாதிக் குழப்பம் இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவதால் வருகிறது. 2005 மார்ச் 8-ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை மனிதக் குளோனிங் பற்றி ஓர் அறிக்கையை ஏற்றது. ஆதரவாக 84 நாடுகள், எதிராக 34, எப்பக்கமும் சேராதவை 37. நமது இந்தியா எதிர்த்தவற்றில் ஒன்று. அப்படியானால் மனிதக் குழந்தையைப் படியாக்கம் செய்யலாம் என்று இந்தியா சொன்னதா? இல்லை. குழந்தை பிறப்பிக்கக் கூடாது என்பதில் இரு பக்கத்து நாடுகளும் ஏறக்குறைய ஒத்திருந்தன. மருத்துவ ஆராய்ச்சியையும் சேர்த்துத் தடுக்கலாமா என்பதில்தான் பிரிந்தன. இந்த வேறுபாட்டைச் சொல்லாத கட்டுரை முதல் படியிலேயே தவறிவிடும்.

இரண்டாம் பாடம்: நடந்ததை நடந்தபடியே அறி.

டாலியின் கதையைப் பார்ப்போம். ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகருக்கு அருகிலுள்ள ராஸ்லின் ஆய்வு நிலையத்தில், இயன் வில்மட், கீத் கேம்பல் என்பவர்களும் அவர்களுடைய கூட்டாளிகளும் ஆறு வயது ஆடு ஒன்றின் மடியிலிருந்து எடுத்த உயிரணுக்களைக்கொண்டு முயன்றார்கள். முட்டையும் உயிரணுவும் இணைக்கப்பட்டவை 277. அவற்றில் தக்கபடி வளர்ந்த கருக்கள் 29. அவற்றை 13 ஆடுகளின் கருப்பையில் வைத்தார்கள். பிறந்தது ஒரே ஒரு குட்டி. அது 1996 ஜூலை 5-ஆம் நாள் பிறந்தது. 1997 பிப்ரவரியில் உலகம் அறிந்தது.

டாலி பின்னர் ஆறு குட்டிகள் ஈன்றது. அதற்கு மூட்டுவாதம் கண்டது உண்மை. 2003 பிப்ரவரி 14-ஆம் நாள், ஆறு வயதில், அதைக் கொல்லும்படி ஆனதும் உண்மை. ஆனால் காரணம் முதுமை அன்று. ஆடுகளுக்குத் தொற்றும் ஒரு வைரசினால் நுரையீரலில் உண்டாகும் கட்டியே காரணம். அந்நோய் குளோனிங் செய்யாத ஆடுகளையும் கொல்லுகிறது. 2016-இல் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் படியாக்க ஆடுகள் 13-ஐப் பரிசோதித்தார்கள். அவற்றில் நான்கு, டாலிக்கு எடுத்த அதே உயிரணுக் குடும்பத்திலிருந்து வந்தவை. வயது ஏழு முதல் ஒன்பது. ஆட்டின் கணக்கில் அது முதிய வயது. அவை பொதுவாக நல்ல சுகத்துடன் இருந்தன. 2017-இல் டாலியின் எலும்புகளையே மறுபடி ஆராய்ந்து, அதன் மூட்டுவாதம் அந்த வயது ஆட்டுக்கு அசாதாரணமானதல்ல என்று எழுதினார்கள்.

ஆகவே நான் சொன்னது சரியல்ல. படியாக்கத்தில் ஆபத்தே இல்லை என்றும் இதனால் சொல்லிவிட முடியாது. 2018-இல் சீனாவின் ஷாங்காய் நகரத்து விஞ்ஞானிகள் குரங்குகளைப் படியாக்கம் செய்ததை வெளியிட்டார்கள். 79 கருக்களை 21 பெண்குரங்குகளுக்கு வைத்து, இரண்டு குட்டிகளை உயிரோடு பெற்றார்கள். மனிதரிடத்தில் இப்படிச் செய்தால் எத்தனை கருக்கள், எத்தனை தாய்மார்! சரியான செய்தியே இவ்வளவு பலமான சாட்சியாக இருக்கும்போது, பொய்ச்செய்தி எதற்கு?

மூன்றாம் பாடம்: எழுதிய ஆண்டைப் பார்.

2005-இல் வந்த புத்தகமோ கட்டுரையோ உன் கையில் கிடைத்தால், தென்கொரியாவின் ஹுவாங் வூ-சுக் என்பவர் படியாக்க மனிதக் கருவிலிருந்து மூல உயிரணுக்களை எடுத்துவிட்டார் என்று அதில் படிப்பாய். அவர் 2004-லும் 2005-லும் அவ்விதம் அறிவித்தது மெய். ஆனால் அவை கட்டுக்கதை என்று வெளிப்பட்டு, 2006 ஜனவரியில் அவ்விரு கட்டுரைகளையும் வெளியிட்ட பத்திரிகையே தள்ளிவிட்டது. அவருடைய ஆய்வுக்கூடத்தில் வேலை செய்த பெண்களே சினைமுட்டை கொடுத்திருந்தார்கள் என்பதும் தெரியவந்தது. மெய்யாகவே அந்தக் காரியத்தைச் செய்ததாக 2013-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநில விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள்.

அவ்வாறே, "கருவைச் சிதைத்தாலன்றி வழியில்லை" என்று பழைய கட்டுரைகள் சொல்லும். 2006-இல் ஜப்பானின் ஷின்யா யமனாக்கா எலியின் தோல் உயிரணுவையும், 2007-இல் மனிதனின் தோல் உயிரணுவையும், கரு எதையும் உண்டாக்காமலே, மூல உயிரணுவைப் போன்ற நிலைக்குத் திருப்பிக் காட்டினார். 2012-இல் அவர் நோபல் பரிசு பெற்றார். கருவை உண்டாக்கிச் சிதைக்க வேண்டிய அவசியம் வெகுவாய்க் குறைந்தது. ஆகையால் எதை வாசித்தாலும், யார் எழுதினார், எந்த ஆண்டில் எழுதினார் என்று முதலில் குறித்துக்கொள்.

நான்காம் பாடம்: எதிர்க்கட்சியின் நல்ல நியாயத்தைச் சொல்.

அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் தம் பெரிய வேதசாஸ்திர நூலில் ஒவ்வொரு கேள்விக்கும் முதலில் எழுதுவது தம் முடிவை அல்ல. தமக்கு எதிரான நியாயங்களையே. அவற்றை வலுக் குறையாமல் சொல்லிவிட்டுத்தான் தம் பதிலைத் தொடங்குவார். குருமடத்தில் இதைப் படித்தபோது எங்களுக்கு வியப்பாய் இருந்தது. எதிராளியே தன் வழக்கை இவ்வளவு நன்றாய்ச் சொல்லியிருக்க மாட்டான் என்று பேசிக்கொள்வோம்.

குளோனிங் வேண்டும் என்பவர்கள் எல்லாரும் கொடியவர்கள் அல்லர். தண்டுவடம் முறிந்து படுக்கையில் கிடப்பவனுக்கு, அவனுடைய உயிரணுவிலிருந்தே வளர்த்த திசுவை வைத்தால் உடல் அதைத் தள்ளாது என்பது அவர்கள் நம்பிக்கை. பிள்ளையில்லாத தம்பதிகளின் கண்ணீர் மற்றொரு காரணம். நம் ஊரில் "விசேஷம் உண்டா?" என்று கேட்டுக் கேட்டு அந்தப் பெண்களை நாம் வதைப்பதை நினைத்தால், அந்தக் கண்ணீரை நாம் அற்பமாய்ப் பேசக்கூடாது. இரட்டைப் பிள்ளைகள் இயற்கையாகவே ஒரே கூறுகளோடு பிறக்கிறார்களே, அதில் பாவம் என்ன என்றும் கேட்கிறார்கள். சில நாள் வளர்ந்த கரு மனிதனாகுமா என்பது எல்லாவற்றிலும் பெரிய கேள்வி. ஆத்துமம் பிந்தியே வருகிறது என்று எழுதிய அர்ச். தோமாசையே இதற்குச் சாட்சியாக அழைப்பாரும் உண்டு. அவர் அப்படி எழுதியது மெய்தான், மறைக்க வேண்டாம். ஆனால் அவர் அக்கால உடற்சாஸ்திரத்தைக் கொண்டு எழுதினார். பாலூட்டிகளின் சினைமுட்டையை மனிதர் கண்டறிந்ததே 1827-இல் தான். கருவை அழிப்பதை அவர் ஒருக்காலும் நியாயம் என்று சொல்லவில்லை.

ஐந்தாம் பாடம்: உன் வழக்கு எந்த அஸ்திவாரத்தின்மேல் நிற்கிறது என்று பார்.

இதுவே எல்லாவற்றிலும் முக்கியம். "குளோனிங் ஆபத்தானது, ஆகையால் கூடாது" என்று மட்டும் எழுதினால், நாளைக்கு ஆபத்து நீங்கும்போது உன் வழக்கும் நீங்கிவிடும். 277-க்கு ஒன்று என்பது பத்துக்கு ஒன்பது ஆனால் என்ன சொல்வாய்?

மனிதரைக் குளோனிங் செய்யும் முயற்சிகளைத் திருச்சபை 1987-லேயே ஓர் போதனையில் கண்டித்தது. டாலி பிறந்தது அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு. ஆகவே நம் நியாயம் ஆட்டின் மூட்டுவாதத்தில் நிற்கவில்லை, நிற்கவும் வேண்டியதில்லை. குழந்தை என்பது பெற்றோர் ஒருவர்க்கொருவர் தம்மைக் கையளிக்கும் அன்பில் பெற்றுக்கொள்ளும் வரம். குறித்த அளவுக்குச் செய்து வாங்கும் சரக்கு அன்று. இரட்டையரை யாரும் தெரிந்தெடுக்கவில்லை; ஒருவர் வாழ்ந்து முடித்த வாழ்வின் நிழலில் மற்றவர் பிறப்பதுமில்லை. படியாக்கத்திலோ, ஒரு மனிதன் மற்றொரு மனிதனுடைய உடலமைப்பு முழுவதையும் முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறான். இன்னொருவரைப் பிழைப்பிக்க ஒரு கருவை உண்டாக்கி அழிப்பது அதிலும் பெரிய குற்றம் என்று 2008-ஆம் ஆண்டுப் போதனை சொல்லுகிறது. ஒருவனுடைய நோய் தீர, மற்றொருவனை மருந்துப் பொருளாக்கக் கூடாது. இந்த நியாயத்தை விசுவாசமில்லாதவனும் நின்று கேட்பான்.

அப்படியானால், எங்கேயாவது அவ்விதம் ஒரு குழந்தை பிறந்துவிட்டால் அதற்கு ஆத்துமம் இருக்குமா என்று சிலர் என்னிடம் கேட்டதுண்டு. சந்தேகமே வேண்டாம். இரட்டையரில் ஒவ்வொருவருக்கும் தன் தன் ஆத்துமம் இருப்பதுபோல, அக்குழந்தைக்கும் இருக்கும். குற்றம் உண்டாக்கிய முறையில், குழந்தையினிடத்தில் அல்ல. அதைத் தொட்டிலில் இருந்து எடுத்து ஞானஸ்நானம் கொடுக்க எந்தக் குருவும் தயங்கலாகாது.

விசுவாசத்துக்குப் பரிந்து பேசுகிறேன் என்று வலுவற்ற நியாயங்களைக் கொண்டுவருகிறவன், விசுவாசமில்லாதவர்களுடைய நகைப்புக்கே இடம் கொடுக்கிறான் என்று அர்ச். தோமாஸ் எச்சரிக்கிறார். அந்த நகைப்பு முதலில் வந்து விழுவது நம்மேல் அன்று; வகுப்பறையில் தனியாய் நிற்கும் நம் பிள்ளைகள்மேல். அயலானுக்கு விரோதமாய்ப் பொய்ச்சாட்சி சொல்லாதே என்பது எட்டாம் கற்பனை. சத்தியத்துக்கு ஆதரவாகச் சொல்லும் பொய்யும் பொய்யே.

அந்தப் பெண் கட்டுரையை மறுபடி எழுதிக் கொடுத்துவிட்டாள். டாலியைப் பற்றிய பத்தியை எடுத்துவிடவில்லை. திருத்தி, இந்த ஆபத்து இல்லாமற்போனாலும் கேள்வி அப்படியே இருக்கிறது என்று முடித்திருந்தாள். பேராசிரியர் என்ன சொல்வாரோ, இன்னும் தெரியாது.

கல்லூரியில் படிக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் இப்படிக் கட்டுரைகள் இருக்கும். ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு அறைவீட்டுக்குக் கொண்டு வாருங்கள், சேர்ந்து படிப்போம். என் பிரசங்கத்தில் சந்தேகமான செய்தி எதையேனும் கேட்டவர்களும் வரலாம். "இதற்கு ஆதாரம் என்ன, சாமி?" என்று தாராளமாய்க் கேளுங்கள்.