உரிந்த சில்லைப் புரட்டிப் பார்

பழைய எபாக்ஸி பூச்சைத் தரையிலிருந்து எடுக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு, கார் ஷெட் தரைகளிலேயே முட்டி தேய்ந்தவன் சொல்வது.

1. வண்டியிலிருந்து கிரைண்டர் மெஷினை உடனே இறக்காதே. குந்தி உட்கார். தூக்கி நிற்கும் ஒரு சில்லைக் கத்தி முனையால் நெம்பி எடுத்து, அதன் முதுகைப் பார். சாம்பல் நிறத்தில் மாவு மாவாக ஒட்டி வந்திருக்கிறதா? குற்றம் பூச்சில் இல்லை, கான்கிரீட்டின் மேல்தோலில். தளம் போட்ட அன்று கொத்தனார் தண்ணீர் தெளித்துத் தெளித்துத் தேய்த்திருப்பார். சிமென்ட் பால் மேலே வந்து காய்ந்திருக்கும். அந்தத் தோல் முழுக்கப் போகிறவரை நீ தேய்த்தாக வேண்டும். முதுகு வழவழவென்று சுத்தமாக இருந்தால், முன்னால் பூசியவர் தரையைச் சொரசொரப்பாக்காமல் ரோலரை உருட்டியிருக்கிறார், இல்லையென்றால் எண்ணெய்க் கறை மேலேயே பூசியிருக்கிறார். கொப்புளமாக எழும்பி உள்ளே ஈரம் கசிந்தால், கீழிருந்து நீர் தள்ளுகிறது. நான்கு டயர் நிற்கும் இடத்தில் மட்டும் பெயர்ந்திருந்தால், ஓடிவந்த சூட்டில் டயர் பூச்சை இளக்கி, ஆறும்போது பிடித்து இழுத்திருக்கிறது. மெல்லிய ஆயத்த பெயின்ட்டில் இது சகஜம்.

2. ஈரத்தைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதே. பூச்சு போன இடத்தில் ஒன்றரை அடிச் சதுர பாலித்தீன் தாளை விரித்து, நாலு ஓரமும் டேப் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விடு. அடியில் நீர் முத்துக் கோத்திருந்தாலோ கான்கிரீட் கறுத்திருந்தாலோ வேலையை நிறுத்து. இதைச் செய்யாமல் நான் ஒரு வீட்டில் முழு ஷெட்டையும் தேய்த்துப் புதுசாகப் பூசிக் கொடுத்தேன். மூன்றாம் மாதம் தரை முழுக்க அம்மை போட்ட மாதிரி கொப்புளம். சுவருக்கு அந்தப் பக்கம் சம்ப் தொட்டி கசிந்துகொண்டிருந்தது. என் கைக்காசில் இரண்டாவது தடவை தேய்த்தேன்.

3. கக்கூஸ் ஆசிட்டை ஊற்றினால் எல்லாம் வந்துவிடும் என்று வீட்டுக்காரர் சொல்வார். ஆசிட் சிமென்ட்டைத்தான் தின்னும், எபாக்ஸியைத் தொடாது. பூச்சு இருக்கிற இடம் அப்படியே நிற்கும், இல்லாத இடம் அரிக்கும்.

4. பெயின்ட் ரிமூவர் விஷயத்தில் என் பேச்சைக் கேள். டப்பாவில் மெத்திலின் குளோரைடு என்று எழுதியிருந்தால் மூடிய ஷெட்டில் திறக்காதே. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. குனிந்து சுரண்டுகிற உன் மூக்கு மட்டத்திலேயே தேங்கும். குளியல் தொட்டியின் பழைய பூச்சை இதை வைத்து எடுத்த அமெரிக்கத் தொழிலாளர்கள் பலர் தொட்டிமேல் சாய்ந்தபடியே செத்திருக்கிறார்கள். 2019-இல் அங்கே வீட்டுக்காரர்களுக்கு விற்பதையே தடை செய்தார்கள். சாதாரண ரப்பர் கையுறையும் அதற்குத் தாங்காது.

5. இனி மெஷின். கனத்த பூச்சை வைரத்தூள் பதித்த உலோக செக்மென்ட்டால் தேய்த்தால் சூட்டில் எபாக்ஸி இளகி, பலாப்பிசின் மாதிரி செக்மென்ட்டில் அப்பிக்கொள்ளும். சத்தம் மாறும், மெஷின் வழுக்கும். அங்கே பிசிடி என்கிற வெட்டுப் பல் வேண்டும். அது தேய்க்காது, செதுக்கும். மெல்லிய பூச்சுக்கு அதைப் போட்டால் கான்கிரீட்டில் ஏர் ஓட்டியதுபோல் கோடு விழும், அதை அழிக்க இன்னொரு நாள் ஆகும். பூச்சு போனதும் வைரத்தூள் செக்மென்ட்டுக்கு மாறு. இதில் ஒரு தலைகீழ்க் கணக்கு உண்டு: கெட்டியான கான்கிரீட்டுக்கு மிருதுவான உலோகம் கொண்ட செக்மென்ட், நைந்த கான்கிரீட்டுக்குக் கெட்டி உலோகம். உலோகம் தேய்ந்தால்தான் உள்ளே இருக்கிற புது வைரம் தலைகாட்டும். கெட்டித் தரை கெட்டி உலோகத்தைத் தேய்க்காது, நைந்த தரையின் மணல் மிருதுவான உலோகத்தை ஒரே நாளில் தின்றுவிடும். மெஷினை அழுத்தாதே, அதன் கனமே போதும்.

6. கர்ச்சீப் மாஸ்க் ஆகாது. கான்கிரீட் தூசியில் சிலிக்கா இருக்கிறது. நுரையீரலில் தழும்பானால் எந்த மருந்தும் அதைத் திருப்பாது. மெஷினில் வேக்குவம், முகத்தில் என்95, இரண்டும் வேண்டும். முகத்தோடு ஒட்டாத மாஸ்க்கில் பயனில்லை, அதனால் தாடியை எடுத்துவிடு. இதற்கு என்னோடு சண்டை போட்டவர்கள் உண்டு.

7. தண்ணீர் விட்டுத் தேய்த்தால் தூசி அடங்கும், ஆனால் சேறு வரும். சுண்ணாம்புக் காரம் அதில். வெறுங்காலில் நின்றால் சாயங்காலம் விரலிடுக்கு வெந்திருக்கும். சாக்கடையில் தள்ளினால் குழாய்க்குள்ளேயே இறுகும். வாளியில் அள்ளிக் காயவைத்துக் கொட்டு.

8. ஒட்டியிருக்கிற எல்லாவற்றையும் எடுத்தே தீரவேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதே. கத்தியால் பெருக்கல் குறி கீறி, டேப் ஒட்டி, சுரீரென்று இழு. டேப்போடு எதுவும் வரவில்லையா? மேலே வரப்போவது அதோடு சேருகிற சரக்காகவும் இருந்தால், அந்த இடத்தைச் சொரசொரப்பாக்கி, ஓரத்தைச் சரிவாகத் தேய்த்து விட்டுவிடலாம்.

9. போனில் சதுர அடிக்கு இவ்வளவு என்று வாயைக் கொடுக்காதே. ஒரே தரையில் மூன்று தடவை பூசியிருப்பார்கள், மேலிருந்து பார்த்தால் ஒன்றுதான் தெரியும். நேரில் போய், ஷட்டர் ஓரமாக இரண்டடிச் சதுரம் கை கிரைண்டரில் தேய்த்துப் பார். எத்தனை நிமிஷம் ஆனது என்று சுவரில் சாக்பீஸால் எழுது. அப்புறம் விலை சொல்.